மணல் நாட்டுக்கு வரலாறு எழுதிய மருந்துக்கடைக்காரர்

முன்னுரை

"இக்கரைக்கு அக்கரை பச்சை" என்பது நம் பாட்டிமார் அடிக்கடி சொல்லும் பழமொழி. பிறர் ஊரே அழகு, பிறர் நாடே பெருமையுடையது என்று எண்ணுவது மனித இயல்பு. ஆனால் அக்கரைக்குச் சென்று நின்று, அங்கிருந்து திரும்பிப் பார்த்து, இக்கரையும் பச்சைதான் என்று கண்டுகொண்ட ஒருவர் ஜெர்மனி நாட்டில் வாழ்ந்தார். கண்டதோடு நில்லாமல், ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் தம் நாட்டை ஊர் ஊராகச் சுற்றி, பார்த்ததையும் கேட்டதையும் ஐந்து நூல்களாக எழுதி வைத்தார். அவர்தாம் தியோடோர் ஃபொன்டானே.

வரலாறு என்றால் அரசர்களின் பெயர்களும் போர் நடந்த ஆண்டுகளும் என்று எண்ணி, தேர்வுக்கு முதல் நாள் இரவில் மனப்பாடம் செய்கிறவர்கள் நாம். அப்படிப்பட்ட நமக்கு இவருடைய வாழ்க்கை ஒரு புதிய பாடம். அதை எங்களால் இயன்றவரை இக்கட்டுரையில் சொல்ல முயல்கிறோம்.

மணற்பூமி

ஜெர்மனியின் தலைநகரான பெர்லினைச் சுற்றியுள்ள நிலப்பகுதிக்குப் பிராண்டன்பர்க் என்று பெயர். பழைய நாளில் 'மார்க் பிராண்டன்பர்க்' என்றார்கள். 'மார்க்' என்றால் எல்லைப்புற நாடு. ரைன் நதிக்கரையில் திராட்சைத் தோட்டங்களும் குன்றின்மேல் கோட்டைகளும் உண்டு. தெற்கே ஆல்ப்ஸ் மலையும் பனிச் சிகரங்களும் உண்டு. பிராண்டன்பர்க்கிலோ இவை ஒன்றும் இல்லை. சமவெளி, மணல் கலந்த மண், பைன் மரக் காடுகள், ஏராளமான ஏரிகள், மெதுவாக ஓடும் ஆறுகள், அவ்வளவுதான்.

மை ஒற்றும் தாள் பரவாத அக்காலத்தில், எழுதிய எழுத்து உலர்வதற்காக அதன்மேல் நுண்மணலைத் தூவுவார்கள். அதற்கென்று மேசையில் ஒரு சிறிய மணல் டப்பி இருக்கும். "நம் பேரரசின் மணல் டப்பி" என்றே பிராண்டன்பர்க்கைப் பிற பகுதி மக்கள் கேலி செய்தார்கள். அங்கே பார்ப்பதற்கு என்ன இருக்கிறது என்பது அனைவரின் எண்ணம். இத்தாலிக்கும் சுவிட்சர்லாந்துக்கும் பயணம் போனவர்கள், பெர்லினுக்கு வெளியே இருபது கல் தொலைவில் உள்ள சிற்றூரைக் கண்டதில்லை. அந்த மணற்பூமிதான் ஃபொன்டானே பிறந்த மண்.

பிறப்பும் இளமையும்

1819ஆம் ஆண்டு டிசம்பர் 30ஆம் நாள், நொய்ருப்பீன் என்னும் ஏரிக்கரை நகரில் ஃபொன்டானே பிறந்தார். அவருடைய முன்னோர் பிரெஞ்சுக்காரர். 1685இல் பிரான்சில் சமய வேற்றுமை காரணமாக வாழ இயலாமல் நாட்டை விட்டுப் புறப்பட்ட ஹ்யூகனாட்டுகளை, அதே ஆண்டில் பிராண்டன்பர்க்கின் ஆட்சியாளர் அழைத்து இடம் கொடுத்தார். அப்படி வந்து சேர்ந்த குடும்பங்களின் வழித்தோன்றலே பிற்காலத்தில் அந்த நாட்டின் கதையை எழுதினார் என்பது எண்ணி மகிழத்தக்கது.

தந்தை லூயி ஹென்றி ஃபொன்டானே, நொய்ருப்பீனில் 'சிங்கம்' என்ற பெயருடைய மருந்துக்கடை வைத்திருந்தார். நல்ல மனம் படைத்தவர். ஆனால் சூதாட்டப் பழக்கம் அவரைப் பிடித்துக்கொண்டது. கடன் பெருகிக் கடையை விற்க நேர்ந்தது. 1827இல் குடும்பம் பால்டிக் கடற்கரையிலுள்ள ஸ்வினெமுண்டே என்னும் துறைமுக ஊருக்குக் குடிபெயர்ந்தது. அங்கே சில காலம் தந்தையே மகனுக்கு ஆசிரியரானார். புத்தகத்தைப் பிரித்து வைத்துப் பாடம் சொல்வதில் அவருக்கு விருப்பமில்லை. நெப்போலியனின் தளபதிகள் எப்படி நின்றார்கள், என்ன சொன்னார்கள், எப்படி விழுந்தார்கள் என்பதையெல்லாம் வீட்டுக்கூடத்தில் நடித்தே காட்டுவார். பள்ளிக்கூடத்தில் கற்றதைவிட அந்தக் கதைகளிலிருந்து தாம் கற்றதே அதிகம் என்று முதுமையில் மகன் நன்றியோடு நினைவுகூர்ந்தார். வரலாற்றைக் கதையாகவும் கதையை வரலாறாகவும் காணும் கண் அவருக்கு அப்போதே திறந்துவிட்டது எனலாம்.

மருந்துக்கடை வாழ்க்கை

பல்கலைக்கழகம் சென்று படிக்க ஃபொன்டானேவுக்கு வாய்ப்பில்லை. 1836இல் பெர்லினில் ஒரு மருந்துக்கடையில் பயிற்சிக்குச் சேர்ந்தார். பின்னர் லைப்சிக், டிரெஸ்டன் முதலிய நகரங்களில் மருந்து கலக்கும் வேலை பார்த்தார். பகலெல்லாம் தராசும் குப்பியும், இரவில் கவிதை. 1844இல் பெர்லினில் எழுத்தாளர்கள் கூடும் ஒரு சங்கத்தில் உறுப்பினராகி, தம் கதைப்பாடல்களைப் படித்துக் காட்டினார். 1847இல் முதல்தர மருந்தாளர் தேர்வில் வெற்றி பெற்றார். ஆனால் சொந்தமாகக் கடை வைக்கக் கையில் பணமில்லை.

இங்கே ஒரு சிறிய செய்தியைச் சொல்லாமல் மேலே செல்ல மனம் வரவில்லை. 1848இல் ஃபொன்டானேவுக்குப் பெர்லினிலிருந்த 'பெத்தானியா' மருத்துவமனையில் வேலை கிடைத்தது. நோயாளிகளுக்குப் பணிவிடை செய்வதற்கென்று புரொட்டஸ்டண்டு சபைச் சகோதரிகள் வாழ்ந்த இல்லம் அது. அச்சகோதரிகள் இருவருக்கு மருந்தியலைக் கற்றுத்தருவதே அவருடைய பணி. பெண்கள் பல்கலைக்கழகத்தில் முறைப்படி சேர முடியாத காலம் அது. பிரஷ்யாவில் அந்த உரிமை 1908இல்தான் கிடைத்தது. அதற்கு அறுபது ஆண்டுகளுக்கு முன்பே இரண்டு பெண்களைத் தராசின் முன் நிறுத்தி, மருந்தாளராகத் தகுதி பெறும்வரை பாடம் சொன்னவர் நம் ஃபொன்டானே.

1849 செப்டம்பர் இறுதியோடு அந்த வேலை முடிந்தது. முப்பது வயதை நெருங்கும் வேளையில் அவர் ஒரு துணிவான முடிவு எடுத்தார். இனி மருந்துக்கடை வேண்டாம், எழுதியே பிழைப்பது என்பதுதான் அந்த முடிவு. அவருக்கும் எமிலி என்ற பெண்ணுக்கும் 1845இலேயே நிச்சயதார்த்தம் நடந்திருந்தது. ஐந்து ஆண்டுகள் காத்திருந்த எமிலியை 1850 அக்டோபரில் மணந்தார். நிலையான வருமானம் இல்லை. அரசின் செய்தித்துறையில் கிடைத்த சிறு வேலையே அடுப்பெரிய வைத்தது.

ஏரியில் கண்ட காட்சி

அந்த வேலைதான் அவரை இங்கிலாந்துக்கு அனுப்பியது. 1855 முதல் 1859 வரை லண்டனில் செய்தியாளராக வாழ்ந்தார். 1858ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம், நண்பர் ஃபொன் லேபெலுடன் ஸ்காட்லாந்தைச் சுற்றிப்பார்க்கப் போனார். அங்கே லாக் லீவன் என்ற ஏரியின் நடுவில் ஒரு தீவு. அதில் பாழடைந்த கோட்டை ஒன்று. ஸ்காட்லாந்து அரசி மேரியை 1567இல் சிறைவைத்து, அரியணையைத் துறக்கச் செய்த கோட்டை அது. மறு ஆண்டில் அவர் படகேறித் தப்பினார்.

ஃபொன்டானே படகில் அந்தத் தீவைப் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தார். கோட்டை மெல்ல மெல்லத் தொலைவில் மறைந்தது. அப்போது அவர் மனக்கண்ணில் வேறொரு ஏரியும் வேறொரு மாளிகையும் தோன்றின. அது அவருடைய பிறந்த ஊருக்கு அருகிலுள்ள ரைன்ஸ்பெர்க். பின்னாளில் 'மகா பிரெடெரிக்' எனப் புகழ்பெற்ற மன்னர் இளவரசராக இருந்தபோது, 1736 முதல் 1740 வரை புல்லாங்குழலும் புத்தகமுமாக வாழ்ந்த மாளிகை அது. அந்த ஏரியிலும் ஃபொன்டானே படகில் சென்றதுண்டு. இந்த நாள் இத்தனை அழகாக இருக்கிறதே, அந்த நாள் இதைவிடக் குறைந்ததா என்று தம்மைத்தாமே கேட்டுக்கொண்டார். இல்லை என்றே அவர் மனம் விடை சொன்னது.

வேற்றுமை எங்கே இருந்தது? ஸ்காட்லாந்தின் ஒவ்வொரு கல்லைப் பற்றியும் வால்டர் ஸ்காட் போன்றவர்கள் எழுதிவிட்டார்கள். ஆகவே உலகமே அதைப் பார்க்க ஓடி வருகிறது. பிராண்டன்பர்க்கின் கல்லைப் பற்றிச் சொல்ல ஆளில்லை; ஆகவே அது வெறுங்கல்லாகக் கிடக்கிறது. இந்த உண்மை அவருக்குப் புலப்பட்டது. பயணத்தின் கதையை அவரே தம் முதல் நூலின் முன்னுரையில் சொல்லியிருக்கிறார். பிறந்த நாட்டின் அருமையை அந்நிய நாடே நமக்குக் கற்பிக்கிறது என்பது அம்முன்னுரையின் கருத்து.

வேலை செய்த முறை

1859 தொடக்கத்தில் நாடு திரும்பினார். அதே ஆண்டு ஜூலையில், அதே நண்பரை அழைத்துக்கொண்டு பிறந்த மாவட்டமான ருப்பீன் பகுதிக்குப் புறப்பட்டார். அன்று தொடங்கிய பயணம் ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் நீண்டது.

நூல்களின் தலைப்பில் 'நடைப்பயணங்கள்' என்ற சொல் இருந்தாலும், எல்லா இடத்துக்கும் அவர் நடந்தே போனார் என்று எண்ணிவிடக் கூடாது. ரயில், குதிரை வண்டி, படகு என்று கிடைத்ததில் ஏறிக்கொள்வார், மிச்சத்தை நடப்பார். முன்கூட்டியே ஊர்ப் போதகருக்கும் பள்ளி ஆசிரியருக்கும் மாளிகை உரிமையாளருக்கும் கடிதம் எழுதி விவரம் கேட்பார். ஊருக்குள் வந்தால் முதலில் பார்ப்பது கோயிலையும் கல்லறைத் தோட்டத்தையும்தான். கல்லறைக் கல்லில் உள்ள எழுத்துகளை அப்படியே படியெடுப்பார். கோயிலின் அமைப்பைக் கோட்டுப்படமாக வரைந்துகொள்வார். பிறகு விடுதிக்காரரிடமும் வண்டியோட்டியிடமும் வயதான பாட்டியிடமும் பேச்சுக் கொடுப்பார். பத்திரத்தில் உள்ளது ஒருபுறம், மக்கள் வாயில் உள்ளது மறுபுறம், இரண்டையும் எழுதிக்கொள்வார்.

இப்படி அவர் எழுதிய குறிப்பேடுகளில் 67 இன்றும் பெர்லினில் உள்ள அரசு நூலகத்தில் பாதுகாக்கப்படுகின்றன. அவசர அவசரமாகப் பென்சிலால் கிறுக்கிய பக்கங்களும், மாளிகைகளின் வரைபடங்களும் அவற்றில் உண்டு. கோட்டிங்கன் பல்கலைக்கழக அறிஞர்கள் பல்லாண்டு உழைத்து, அவற்றை எல்லாரும் கணினியில் படிக்கும்படி வெளியிட்டிருக்கிறார்கள்.

வீட்டில் அவருக்கு ஒரு துணை இருந்தது. அடித்தும் திருத்தியும் எழுதிய கையெழுத்துப் படிகளை அச்சகத்துக்குக் கொடுக்கும்படி அழகாகப் பெயர்த்து எழுதியவர் அவருடைய மனைவி எமிலி. ஏழு குழந்தைகளைப் பெற்று, மூவரைக் கைக்குழந்தையாகவே இழந்து, குறைந்த வருவாயில் குடும்பத்தை நடத்திக்கொண்டே இந்த வேலையையும் அவர் செய்தார். நூலின் முகப்பில் ஒரு பெயர்தான் இருக்கிறது, உழைப்பு இருவருடையது.

ஐந்து நூல்கள்

கட்டுரைகள் முதலில் செய்தித்தாள்களில் வந்தன. பிறகு நூல்களாயின. முதல் நூலாகிய 'ருப்பீன் மாவட்டம்' 1861இன் இறுதியில் வெளிவந்தது. 1863இல் 'ஓடர் நாடு', 1873இல் 'ஹாஃபெல் நாடு', 1880களின் தொடக்கத்தில் 'ஸ்ப்ரே நாடு' ஆகியவை தொடர்ந்தன. ஓடர், ஹாஃபெல், ஸ்ப்ரே ஆகிய மூன்றும் ஆறுகளின் பெயர்கள். 'ஐந்து மாளிகைகள்' என்ற நூல் 1880களின் இறுதியில் வந்தது.

இந்நூல்களில் என்னதான் இருக்கிறது? சிலவற்றை மட்டும் காண்போம்.

நொய்ருப்பீனைப் பற்றி எழுதும்போது, அங்கே 1781இல் பிறந்து பெர்லினின் அழகிய கட்டடங்களை எழுப்பிய ஷிங்கல் என்னும் கட்டடக் கலைஞரைப் பற்றிச் சொல்கிறார். அத்தோடு விடவில்லை. அதே ஊரில் குஸ்டாஃப் க்யூன் என்பவர் அச்சிட்டு விற்ற மலிவான வண்ணப் படத்தாள்களைப் பற்றியும் ஓர் அத்தியாயம் எழுதுகிறார். போர், தீவிபத்து, அரச குடும்பத்துத் திருமணம் என்று உலகில் எது நடந்தாலும் உடனே படமாக அச்சாகிக் குடிசைகளின் சுவர்களுக்குப் போய்ச் சேரும். கற்றவர்கள் எள்ளி நகையாடிய இந்தக் காசுப் படங்களே ஏழை மக்களின் செய்தித்தாள் என்பதை அவர் உணர்ந்திருந்தார்.

'ஓடர் நாடு' நூலில், 1747 முதல் 1753 வரை கால்வாய் வெட்டி, கரை கட்டி, பெரிய சதுப்பு நிலத்தை விளைநிலமாக்கிய வரலாறு வருகிறது. வெளியூர்களிலிருந்து வந்த குடியேறிகளுக்கு நிலம் கிடைத்தது. ஆனால் அதற்கு முன் அங்கே மீன் பெருகியிருந்ததையும், அதை நம்பி வாழ்ந்த பழைய மீனவர்களின் வாழ்வையும் அவர் மறக்காமல் எழுதுகிறார். ஆக்கத்தைச் சொல்லும்போது இழப்பையும் சொல்வது அவர் வழக்கம்.

'ஸ்ப்ரே நாடு' நூல் நம்மைப் படகில் ஏற்றிச் செல்கிறது. ஸ்ப்ரே ஆறு நூற்றுக்கணக்கான சிறு கால்களாகப் பிரியும் ஸ்ப்ரேவால்ட் காட்டில் தெருவுக்குப் பதில் தண்ணீர்தான். வைக்கோல் ஏற்றிய படகு, பள்ளிக்குப் போகும் பிள்ளைகளின் படகு, கோயிலுக்குப் போகும் படகு என்று எல்லாமே படகு. வெள்ளரிக்காய்க்குப் பேர்போன இடம். அங்கே ஜெர்மன் மொழியோடு சோர்பிய மொழியும் பேசும் சிறுபான்மை மக்கள் வாழ்கிறார்கள். அவர்களுடைய உடையையும் பழக்கவழக்கங்களையும் அவர் ஆர்வத்தோடு குறித்து வைத்தார்.

கல்லறைக் கல் சொன்ன கதை

நாங்கள் அறிந்தவற்றுள் எங்கள் மனத்தை மிகவும் தொட்டது ஒரு கல்லறைக் கல்லின் கதை. ஃப்ரீடர்ஸ்டார்ஃப் என்ற சிற்றூரின் கோயிலில் அந்தக் கல் இருக்கிறது.

மார்விட்ஸ் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு படைத்தலைவர் மகா பிரெடெரிக் மன்னரிடம் பணியாற்றினார். ஏழாண்டுப் போரின்போது எதிரிப் படைகள் மன்னரின் மாளிகை ஒன்றைச் சூறையாடின. சினங்கொண்ட மன்னர், அதற்குப் பழிவாங்க, சாக்சனி நாட்டின் ஹூபெர்டுஸ்பர்க் மாளிகையைக் கொள்ளையிடும்படி 1761இல் மார்விட்ஸுக்கு ஆணையிட்டார். வீடு புகுந்து பொருளை அள்ளுவது போர்வீரனுக்கு அழகல்ல என்று மறுத்துவிட்டார் மார்விட்ஸ். மன்னரின் அன்பை இழந்தார்; பதவியையும் விட்டு விலகினார். வேறொருவர் அந்த வேலையைச் செய்து முடித்தார்.

பிற்காலத்தில் மார்விட்ஸின் உடன்பிறந்தவரின் மகன் எழுப்பிய நினைவுக்கல்லில், கீழ்ப்படிவது பெருமை தராத இடத்தில் இவர் அவமதிப்பையே தேர்ந்துகொண்டார் என்ற பொருளில் ஒரு வாசகம் பொறிக்கப்பட்டது. ஊர்மக்கள் ஞாயிறுதோறும் அந்தக் கல்லைக் கடந்துதான் போனார்கள். ஃபொன்டானே அங்கே நின்று படித்து, அந்தக் கல்லின் கதையைத் தம் நூலில் எழுதினார். ஓர் ஊரின் கோயிலுக்குள் இருந்த சொற்கள் நாடு முழுவதற்கும் போய்ச் சேர்ந்தன. கீழ்ப்படிதல் நல்லது என்று நாள்தோறும் கேட்கும் நமக்கு, எதற்குக் கீழ்ப்படிவது என்பதையும் மனச்சாட்சியைக் கேட்டே முடிவு செய்ய வேண்டும் என்று அந்தக் கல் சொல்கிறது.

துறவியரும் செங்கல் அறுப்போரும்

'ஹாஃபெல் நாடு' நூலில் சிஸ்டர்சியன் துறவியரைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். 1180இல் லேனீன் என்னுமிடத்தில் மடம் அமைத்த அத்துறவியர், சேற்றையும் காட்டையும் திருத்தி வயலாக்கினார்கள். கல் கிடைக்காத நாட்டில் செங்கல்லால் எழிலான கோயில் கட்டினார்கள். 1542இல் மடம் கலைக்கப்பட்டது. ஃபொன்டானே முதலில் சென்றபோது கோயிலின் ஒரு பகுதி இடிந்து கிடந்தது. அவர் புரொட்டஸ்டண்டு சமயத்தவர். ஆயினும் செபமும் உழைப்பும் ஒன்றாய் இணைந்த துறவியரின் வாழ்வை மதிப்போடு எழுதியிருக்கிறார். பின்னர் அக்கோயில் பழுதுபார்க்கப்பட்டது. 1911 முதல் அங்கே ஒரு சகோதரிகள் இல்லமும் இயங்கியது.

அதே நூலில் க்ளிண்டோ என்ற ஊரின் செங்கற்சூளைகளும் வருகின்றன. பெர்லின் நகரம் நாளுக்கு நாள் வளர்ந்த காலம் அது. அந்த நகரத்துக்கான செங்கல் இந்தச் சூளைகளில் வெந்தது. தொலைவிலுள்ள லிப்பே என்னும் பகுதியிலிருந்து ஆண்டுதோறும் கூட்டமாக வந்து செங்கல் அறுத்துப் பனிக்காலத்துக்கு முன் ஊர் திரும்பிய கூலித் தொழிலாளர்களையும், உள்ளூர் ஏழைக் குடும்பங்களின் கடினமான வாழ்வையும் அவர் எழுதினார். பிரபுக்களின் மாளிகைகளைப் பற்றியே அவர் மிகுதியாக எழுதினார் என்ற குறை உண்டு. அது ஓரளவு உண்மைதான். எனினும் சூளைப் புகையும் அவர் கண்ணுக்குத் தப்பவில்லை.

சிறைப்பட்ட கதை

ஊர் பார்க்கும் ஆசை ஒருமுறை அவர் உயிருக்கே உலை வைத்தது. 1870இல் ஜெர்மானியருக்கும் பிரெஞ்சுக்காரருக்கும் போர் மூண்டது. போர்க்களங்களைப் பார்த்து நூல் எழுத ஃபொன்டானே பிரான்சுக்குப் போனார். போனவர், ஜோன் ஆஃப் ஆர்க் பிறந்த தோம்ரெமி என்னும் சிற்றூர் அருகில் இருக்கிறது என்று அறிந்ததும் அதைப் பார்க்காமல் திரும்ப மனமில்லாமல், எதிரிகளின் பகுதிக்குள் நுழைந்துவிட்டார். ஜோன் ஆஃப் ஆர்க்கைத் திருச்சபை புனிதராக அறிவித்தது 1920இல்தான். ஆனால் அந்த வீரமங்கையின் புகழ் அப்போதே பரவியிருந்தது.

அக்டோபர் 5ஆம் நாள், கோயிலருகே இருந்த ஜோனின் சிலை வெண்கலமா, சுட்ட மண்ணா என்று அறிய, கைத்தடியால் அதைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஊர்மக்கள் கூடிவிட்டார்கள். அந்நியர், அதுவும் ஜெர்மானியர்; ஒற்றர் என்று பிடித்துக் கொடுத்துவிட்டார்கள். ஒற்றர் என்று தீர்ப்பானால் மரணந்தான். நல்ல வேளையாகக் குற்றம் மெய்ப்பிக்கப்படவில்லை. அட்லாண்டிக் கடலிலுள்ள ஒலெரோன் தீவில் போர்க்கைதியாக வைக்கப்பட்டார். நண்பர்களும் பிஸ்மார்க்கும் முயன்றதன் பயனாக ஆண்டு முடிவதற்குள் விடுதலையானார். 'போர்க்கைதி' என்று 1871இல் அவர் எழுதிய நூலில் பிரெஞ்சுக்காரர் மீது பகைமை இல்லை. தம்மிடம் அன்பு காட்டியவர்களை நன்றியோடு நினைக்கிறார்.

முதுமையில் மலர்ந்த மலர்

எழுத்தால் வரும் வருமானம் எப்போதும் குறைவுதான். 1870இல் ஒரு செய்தித்தாளில் இருந்த நிலையான வேலையை, மனைவி வெளிநாட்டில் இருந்த சமயத்தில் விட்டுவிட்டார். 1876இல் கலைக்கழகத்தின் செயலாளர் பதவி கிடைத்தது. அங்கிருந்தும் சில மாதங்களில் விலகினார். எமிலி மிகவும் மனம் வருந்தினார். வீட்டில் பெரும் பூசல் எழுந்தது. அவர் வருந்தியது நியாயமே என்று எங்களுக்குத் தோன்றுகிறது. பிள்ளைகளை வைத்துக்கொண்டு மாதக் கடைசியைக் கடத்துகிற தாயின் கவலை எளிதானதா? ஆனால் அப்பதவியில் அவர் தங்கியிருந்தால் அடுத்து வந்த நூல்கள் பிறந்திருக்குமா என்பதும் ஐயமே.

முதல் நாவல் 1878இல் வந்தபோது அவருக்கு வயது ஐம்பத்தெட்டு. அதன்பின் ஒன்றன்பின் ஒன்றாக நாவல்கள். 1895இல் நூலாக வந்த 'எஃபி பிரீஸ்ட்', இளம் வயதில் பெற்றோர் விருப்பப்படி மணமுடிக்கப்பட்ட ஒரு பெண்ணின் துயரக் கதை. ஜெர்மானியப் பள்ளிகளில் மாணவர்கள் பாடமாகப் படிக்கும் நூல் அது. பல நாவல்களில் வரும் ஏரிகளும் மாளிகைகளும் கிராமத்துப் போதகர்களும் பழைய குறிப்பேடுகளிலிருந்து எழுந்து வந்தவர்களே.

1894இல் பெர்லின் பல்கலைக்கழகம் அவருக்கு மதிப்புறு டாக்டர் பட்டம் அளித்தது. பல்கலைக்கழகத்தில் ஒருநாளும் படிக்காதவர், அதே பல்கலைக்கழகத்தின் டாக்டரானார். அதே ஆண்டு இறுதியில் எழுபத்தைந்தாம் பிறந்தநாள் வந்தது. வாழ்நாளெல்லாம் எந்தப் பிரபுக் குடும்பங்களைப் பற்றி எழுதினாரோ அவர்கள் வாழ்த்த வரவில்லை. வந்து நின்றவர்களில் பெரும்பாலோர் பெர்லினின் யூத வாசகர்கள். இதை அவரே ஒரு கவிதையில் சிரிப்பும் கசப்புமாகச் சொல்லியிருக்கிறார். 1898 செப்டம்பர் 20ஆம் நாள் பெர்லினில் அவர் காலமானார்.

பேரிக்காய் மரம்

ஜெர்மானியச் சிறுவர் சிறுமியர் ஃபொன்டானேவை முதலில் அறிவது ஒரு பாட்டால். ஹாஃபெல் நாட்டு ரிபெக் என்ற ஊரில் ஒரு பண்ணையார் இருந்தார். தம் தோட்டத்துப் பேரிக்காய்களை வழியில் போகும் பிள்ளைகளுக்கெல்லாம் கொடுப்பார். தம் மகன் கஞ்சன் என்பது அவருக்குத் தெரியும். ஆகவே சாகும்போது தம் கல்லறையில் ஒரு பேரிக்காயையும் வைக்கச் சொன்னார். மகன் தோட்டத்தை அடைத்துப் பூட்டினான். ஆனால் கல்லறையிலிருந்து ஒரு மரம் முளைத்து வளர்ந்து, மறுபடியும் பிள்ளைகளுக்குப் பழம் கொடுத்தது.

மக்கள் வாயில் வழங்கிய இந்தக் கதையை 1889இல் அவர் பாட்டாக எழுதினார். ரிபெக் உண்மையான ஊர். அங்கே கோயிலருகே நின்ற பழைய பேரிமரம் 1911இல் புயலில் விழுந்தது. ஆனாலும் பாட்டைக் கற்றவர்கள் அந்த ஊரைத் தேடி வருவது நிற்கவில்லை. இன்று புதிய மரம் ஒன்று அதே இடத்தில் நிற்கிறது.

எழுத்தே எஞ்சியது

ஃபொன்டானே எழுதிய இடங்களில் பல இன்று இல்லை. 1945இல் இரண்டாம் உலகப் போரின் இறுதிச் சண்டைகள் ஓடர் ஆற்றங்கரையில் நடந்தன. க்யூஸ்ட்ரீன் என்ற கோட்டை நகரத்தைப் பற்றி அவர் விரிவாக எழுதியிருந்தார். 1730இல் இளவரசர் பிரெடெரிக்கின் நண்பர் காட்டே தலை வெட்டப்பட்ட இடம் அது. அந்தப் பழைய நகரம் போரில் தரைமட்டமாயிற்று. இன்று போலந்து நாட்டில் இருக்கும் அவ்விடத்தில் வீடுகளின் அடித்தளமும் தெருக்களின் கல்லுமே எஞ்சியுள்ளன. ஃப்ரீடர்ஸ்டார்ஃப் ஊரின் மாளிகையும் போய்விட்டது. கோயிலும் அந்தக் கல்லும் நிற்கின்றன. பழுதுபார்ப்பவர்களும் ஆராய்பவர்களும் முன்பு இங்கே என்ன இருந்தது என்று அறிய ஃபொன்டானேயின் பக்கங்களைப் புரட்டுகிறார்கள்.

அவருடைய கல்லறையும் அமைதியாக இருக்கவில்லை. போரில் சிதைந்து, பின்னர் சீர்செய்யப்பட்டது. 1961இல் பெர்லின் நகரைப் பிரித்துச் சுவர் எழுப்பியபோது அந்தக் கல்லறைத் தோட்டம் எல்லைப் பகுதிக்குள் அகப்பட்டுக்கொண்டது. ஊர் ஊராகக் கல்லறைகளைத் தேடிப் போனவரின் கல்லறைக்கு மக்கள் விரும்பியபடி போக முடியாமல் போயிற்று. 1989இல் சுவர் திறந்தபின் அந்தத் தடை நீங்கியது. பிறந்த ஊராகிய நொய்ருப்பீன் 1998 முதல் 'ஃபொன்டானே நகரம்' என்றே அழைக்கப்படுகிறது. 2019இல் அவருடைய இருநூறாம் ஆண்டு விழா சிறப்பாக நடந்தது. வழிநடையின் நடுவே சற்று ஓய்வெடுப்பவர் போல அமர்ந்திருக்கும் அவருடைய சிலை 1907 முதல் அந்த ஊரில் இருக்கிறது.

முடிவுரை

ஃபொன்டானே பெரிய படிப்பாளி அல்லர், செல்வரும் அல்லர். குறிப்பேடும் பென்சிலும் பிறரிடம் கேட்கக் கூசாத நாவுமே அவருடைய மூலதனம். பிழைகளும் செய்தார். வாசகர்கள் சுட்டிக் காட்டியபோது அடுத்த பதிப்பில் திருத்திக்கொண்டார். மணல் டப்பி என்று பிறர் சிரித்த நாட்டை, மக்கள் தேடி வந்து பார்க்கும் நாடாக அவர் எழுத்து ஆக்கியது.

இக்கட்டுரைக்காகப் படித்துக்கொண்டிருந்த நாள்களில் எங்களுக்கு ஒன்று நினைவுக்கு வந்தது. எங்கள் பள்ளியின் பழைய கட்டடத்து முகப்பில் ஒரு கல் பதித்திருக்கிறது. ஆறாம் வகுப்பிலிருந்து நாள்தோறும் அதன் எதிரில்தான் வரிசையாக நிற்கிறோம். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒருநாளும் படித்ததில்லை. சென்ற வாரம் அருகே போய்ப் பார்த்தோம். பலமுறை அடித்த சுண்ணாம்பில் பாதி எழுத்து மூடிப் போயிருந்தது. ஆண்டின் கடைசி இரண்டு இலக்கங்களைப் படிக்க முடியவில்லை. கேட்டவர்களில் ஒருவருக்கும் தெரியவில்லை.

தெரிந்தவர்கள் இன்னும் எங்கேனும் இருப்பார்கள். அவர்களைத் தேடிக் கேட்டு, அடுத்த ஆண்டு மலரில் யாராவது எழுத வேண்டும். நாங்கள் இந்த ஆண்டோடு பள்ளியை விட்டுப் போகிறோம். ஒன்பதாம் வகுப்புத் தங்கைகளே, அந்தப் பணியை உங்களிடம் விட்டுச் செல்கிறோம்.